மேசையில் மிஞ்சிய உடுப்புகள்

அக்கா எவரையும் சும்மா வெளியே போகவிட மாட்டார். கதவடியில் மறித்து, "நில்லும், பாப்பம்" என்பார். நாங்கள் நிற்கவேண்டும். கழுத்திலிருந்து கால்வரை ஒருதரம் பார்ப்பார். பிறகு திரும்பச் சொல்வார். முதுகுப் பக்கமும் பார்த்து முடிந்தால்தான் வழிவிடுவார். என் கணவருக்கு இது பெரிய தொல்லை. பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர், எப்போதும் ஷிப்டுக்குப் பிந்தித்தான் ஓடுவார். "ஊரில ஆமிக்காரன்ர செக்பொயின்ருக்குப் பயந்து இஞ்ச ஓடிவந்தா, எங்கட வீட்டு வாசல்லயே ஒரு செக்பொயின்ற்" என்று முணுமுணுப்பார். ஆனாலும் ஒருநாளும் திரும்பிக் காட்டாமல் போனதில்லை.

வந்த புதிதில் நான் கேட்டேன். "ஏனக்கா இப்பிடிப் பாக்கிறீங்கள்?"

"முகம் நாள் போக மறந்துபோகும், பிள்ளை. நாளைக்கு ஆரும் வந்து கேட்டா என்னத்தைச் சொல்லுறது? உடுப்பெண்டாச் சொல்லலாம்."

காலங்காத்தால இதென்ன அபசகுனக் கதை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள். ஆனால் அக்காவிடம் மட்டும் ஏனோ வாய் எழும்பாது.

எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் எடுத்திருந்த வீட்டின் மேல்மாடி முன்னறையில் அவர் வாடகைக்கு இருந்தார். சொந்தமில்லை, அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. பிளேன்கள் கூரையை உரசுவது போலப் போகும் வீடு அது. கதைத்துக்கொண்டிருக்கும்போது பிளேன் வந்தால் பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு, போனபிறகு மீதியைச் சொல்லப் பழகியிருந்தோம். அக்கா மட்டும் நிறுத்தமாட்டார். ஜன்னலடிக்குப் போய் நிமிர்ந்து பார்ப்பார். விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை. கலியாணம் கட்டாதவர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் கொஞ்சம் பிரெஞ்சு படித்தார். லண்டன் வருவதற்குமுன் பாரிஸில் சில வருஷம் வீடு துப்பரவாக்கியபோது மிச்சத்தையும் படித்துக்கொண்டார்.

அவருக்கு உலகத்தில் இருந்தது ஒரேயொரு தங்கச்சி. தாய் தகப்பன் போனபிறகு அந்தப் பிள்ளையை அவர்தான் வளர்த்தார். கொழும்பில், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து, இங்கே கூப்பிட ஒழுங்கு செய்திருந்தார். நல்ல மனுசன், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவன் என்று அவனைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள். குளிர் நாடுகள் வழியாக வரவேண்டுமே என்று, ஹவுன்ஸ்லோ ஹை ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் விற்கும் தருமக் கடை ஒன்றில் நீலக் கம்பளிச் சட்டை ஒன்று எடுத்தார். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. நானும் கூடப் போயிருந்தேன். நல்ல தடிப்பான கம்பளிதான், ஆனால் கடைசிப் பொத்தானைக் காணவில்லை. என்னுடைய பழைய கோட்டிலிருந்து மண்ணிறத் தோல் பொத்தான் ஒன்றை வெட்டி நானே தைத்துக் கொடுத்தேன். மற்றதெல்லாம் நீலம், இது மட்டும் மண்ணிறம். "பாக்க வடிவில்லை" என்றேன். "குளிருக்கு வடிவு என்னத்துக்கு" என்று சிரித்தார். ஊருக்குப் போகிறவர்களிடம் அதைக் கொடுத்தனுப்பினோம்.

தங்கச்சி மொஸ்கோவிலிருந்து ஒருதரம் டெலிபோனில் கோல் எடுத்தாள். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன், நாளைக்கு லொறியில் வெளிக்கிடுகிறோம் என்றாள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஏஜென்சிக்காரனுடைய டெலிபோனை வேறு யாரோ எடுத்தார்கள்.

அந்த மாரிக் குளிரில்தான் அக்கா கொலின்டேலுக்குப் போகத் தொடங்கினார். பழைய பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருந்த நூலகம் ஒன்று அங்கே இருந்தது. ஹவுன்ஸ்லோவிலிருந்து லண்டனைக் குறுக்காகக் கடந்து, ட்ரெயின் மாறிப் போகவேண்டும். லீவு நாளில் பாண் துண்டு இரண்டைச் சுற்றிக்கொண்டு விடியவே போனால், பொழுதுபட விரலெல்லாம் கறுத்துப்போய் வருவார். மொஸ்கோவில் தொலைந்த பிள்ளையைக் கொலின்டேலில் தேடுகிறாரோ, புத்திகித்தி பேதலித்துவிட்டதோ என்று நான் பயந்தேன். ஒருநாள் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "அங்க என்னக்கா செய்யிறீங்கள்?" என்று கேட்டேவிட்டேன்.

அப்போதுதான் சொன்னார். பாரிஸில் அவர் வேலை செய்த வீட்டுக் கிழவியிடம் பழைய படப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தனவாம். தூசி தட்டும்போது ஒரு படம் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு கோர்ட்டு. நடுவில் நீட்டு மேசை. அதன்மேல் முழுக்கப் பொம்பிளைகளின் உடுப்பு. பாவாடைகள், சால்வைகள், தொப்பிகள், காலுறைகள். சுற்றிவர நாட்டுப்புறத்துச் சனம் எட்டி எட்டிப் பார்க்கிறது.

"போன நூற்றாண்டில நடந்தது. பிரான்சில ஒருத்தன். நாட்டுப்புறத்தில இருந்து வேலை தேடி ரவுணுக்கு வாற பிள்ளையளுக்காகப் பாலத்தடியில காத்துக்கொண்டு நிப்பானாம். என்ர எசமான் வீட்டில வேலையிருக்கு, நல்ல சம்பளம், இப்பவே வெளிக்கிடு எண்டு சொல்லுவானாம். அவளவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால போவாளவை. குறுக்கு வழியெண்டு காட்டுக்குள்ள கொண்டுபோவான்."

"பிறகு?"

"பிறகென்ன பிறகு. உடுப்பைக் கழட்டி வீட்டை கொண்டுபோய்ப் பெண்சாதிக்குக் குடுத்திருக்கிறான். ஒருத்தி தப்பி ஓடி ஆக்களைக் கூட்டினபடியாத்தான் பிடிபட்டவன். பொலிஸ்காரர் உடுப்பு முழுவதையும் மேசையில விரிச்சு, பிள்ளையளைத் துலைச்ச சனத்தை வந்து பாக்கச் சொன்னவை. சிலதை அடையாளம் கண்டவை. அந்தப் பிள்ளையளுக்குப் பேர் இருக்கு. கனக்க மிஞ்சிப்போச்சுது. ஒருத்தரும் எடுக்கேல்லை."

அந்த மிஞ்சிய உடுப்புகள் யாருடையவை என்பதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் காணாமற்போன வேலைக்காரப் பெண்களைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்காதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். கொலைகாரனின் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை. நான் கேட்டபோதும், "அவன்ர பேர் உமக்கேன்? அவனைப் பற்றி எழுதி வைச்சிருக்கினம், பாட்டும் கட்டி வைச்சிருக்கினம். அவளவையின்ர பேரைத்தான் காணேல்லை" என்றார். எங்கள் வீட்டில் அவன் கடைசிவரை வெறும் 'அவன்'தான். ஏஜென்சிக்காரனும் 'அவன்'தான். எந்த அவனைச் சொல்கிறார் என்று சிலவேளை எனக்கே பிடிபடாது.

பேர் கிடைத்த பிள்ளைகளுக்கு அவர் பூசை ஒப்புக்கொடுத்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும். அதில் சாமியார் முதலில் உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டுகளை வாசிப்பார். நோய் மாற, விசா கிடைக்க, பிள்ளை சோதனை பாஸ் பண்ண. அதற்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்கள். நான் சைவக்காரி. ஆனாலும் அக்காவைத் தனியே விட மனமில்லாமல் கூடப் போவேன். ஒவ்வொரு மாதமும் முதற் பகுதியில் 'பயணத்தில் இருக்கும் தங்கைக்காக' என்று வரும். இரண்டாவது பகுதியில் பிரான்சுக்காரிகள் வருவார்கள். தங்கச்சி எந்தப் பகுதியில் வாசிக்கப்படுகிறாள் என்பதில்தான் அக்காவின் உயிர் கிடந்தது. அது எனக்கும் தெரியும், அந்தக் கோயிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பிரான்சுக்காரிகள் விஷயந்தான் ஒருவருக்கும் தெரியாது. மரி, ஜோசபின், லூயிஸ் என்று சாமியார் வாசிக்க, சனம் அதெல்லாம் அக்காவின் சொந்தக்காரர் என்று எண்ணிக்கொண்டது. பழைய பிரெஞ்சுச் சாமிமார் ஞானஸ்நானம் கொடுத்த எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தப் பெயர் இல்லாத வீடேது? ஒரு ஞாயிறு மத்தியானம் மன்னார் அன்ரி என்று நாங்கள் கூப்பிடும் மனுசி, பெரிய சட்டியில் சோறும் சொதியுமாகக் கதவைத் தட்டினார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே என்று அயலவர் சமைத்துக் கொண்டுபோகிற வழக்கம். உள்ளே வந்ததும் வராததுமாக அக்காவைக் கட்டிப்பிடித்து, "ஒரே கிழமையில மூண்டு பேரோ பிள்ளை! குண்டு விழுந்ததோ?" என்று அழத் தொடங்கிவிட்டார். சாரம் கட்டிக்கொண்டு சோபாவில் படுத்திருந்த என் கணவர் எழும்பி ஓடினார்.

அக்கா அன்ரியை இருத்தி எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். அன்ரி கண்ணைத் துடைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "அப்ப இவளவை செத்து நூறு வருசத்துக்கு மேலயோ?"

"ஓம்."

"வெள்ளைக்காரியளோ?"

"ஓம், அன்ரி."

"என்ர மாதாவே, நான் தேங்காய் ரெண்டு உடைச்சுப் பாலெடுத்தனே!"

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டேன். அக்காவும் சிரித்தார். தங்கச்சி காணாமற்போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு எல்லோருமாக இருந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். சும்மா சொல்லக்கூடாது, சொதி திறம்.

அக்காவின் கண்ணால் எங்களுக்கு நன்மையும் நடந்ததுண்டு. ஊரிலிருந்து வந்து நின்ற என் மாமியார் ஒருநாள் ஹை ஸ்ட்ரீட்டில் தொலைந்துபோனார். என்ன உடுத்திருந்தார் என்று பொலிஸ்காரன் கேட்க, நான் பேந்தப் பேந்த முழித்தேன். அக்கா முன்னுக்கு வந்தார். கத்தரிப்பூ நிற நூல் சேலை, மேலே ஆம்பிளைச் சாம்பல் கோட்டு, கை இரண்டும் மடித்துவிட்டது, காலுறை ஒன்று கறுப்பு, மற்றது கடும் நீலம். பொலிஸ்காரன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். தேத்தண்ணீர் நேரத்துக்குள் மாமி வீட்டில். "அந்தப் பிள்ளை இல்லாட்டி என்னை நாய் நரியும் தேடியிராது" என்று என்னைப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் போகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பொறுமைசாலியான மனுசிக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். மேசையில் மிஞ்சிய உடுப்புகளில் ஒரு சோடி வெள்ளைக் காலுறை இருந்ததாம். குதிப்பக்கம் கிழிந்து, வேறு நிற நூலால் ஒட்டுப்போட்டுத் தைத்தது. பத்திரிகைக்காரன் அதைக்கூட எழுதியிருக்கிறான். அதைச் சொல்லத் தொடங்கினால் அக்கா விடமாட்டார்.

"தைச்ச கை ஒண்டு இருக்குமல்லோ? தாயோ, தமக்கையோ. தைச்ச கைக்குத் தன்ர தையல் தெரியாதே? ஒரு நாள் பயணம், வந்து பாத்திருக்கேலாதே? என்ன சனம்! பிள்ளையைப் பெத்து அனுப்பிப்போட்டு, செத்த இடத்துக்கு வந்து, ஓம் இது என்ர பிள்ளையின்ர எண்டு ஒரு சொல்லுச் சொல்லேலாமல் போச்சுதே அவையளுக்கு? நானெண்டா நடந்தெண்டாலும் போயிருப்பன்."

"வறுமையாயிருக்கும் அக்கா. தெரியாமலும் இருந்திருக்கும்."

"கதை விடாதையும்" என்று எனக்குப் பேச்சு விழும்.

தொண்ணூறுகள் பிறந்து சில வருஷம் கழிந்திருக்கும். தமிழ்ப் பூசை முடிந்தபிறகு சாமியார் எழும்பி, பயணத்தில் ஆட்களைத் தொலைத்த குடும்பங்கள் மண்டபத்தில் கொஞ்சம் நிற்கும்படி சொன்னார். அகதிகளுக்கு மொழிபெயர்ப்புச் செய்கிற ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர், பாவம், முகத்தில் இரத்தமில்லை. கிழக்கு ஐரோப்பாவில் ஒரு காட்டு ரோட்டில் கைவிட்ட லொறி ஒன்றைப் பனி கரைந்தபிறகு கண்டெடுத்தார்களாம். உள்ளே இருந்தவர்களை எப்போதோ அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். அவர்களிடம் கடதாசி ஒன்றும் இருக்கவில்லை. உடுப்புகளை மட்டும் கழுவி, படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மண்டபத்தில் நீட்டு மேசை ஒன்றில் அந்தப் படங்களைப் பரப்பினார்கள். படங்களுக்குள்ளும் ஒரு மேசை, அதன்மேல் விரித்த உடுப்புகள். மற்றவர்கள் கதிரையை விட்டு எழும்பத் தயங்க, அக்கா எழும்பி முதல் ஆளாகப் போனார். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்த்தார், எங்களைக் கதவடியில் வைத்துப் பார்ப்பது போல, மேலிருந்து கீழே.

நாலாவதோ ஐந்தாவதோ படம். நீலக் கம்பளிச் சட்டை. நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. கைகளை இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தார்கள். கடைசிப் பொத்தான் மண்ணிறம்.

என்னுடைய கோட்டிலிருந்து வெட்டியது. நான் தைத்தது. எனக்குத் தெரியாதா? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அக்கா குனிந்தார். மற்றப் படங்களைப் பார்த்தளவு நேரம் அதையும் பார்த்தார். கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகு அடுத்த படத்துக்குப் போனார். கடைசிப் படம்வரை ஒன்றையும் விடவில்லை.

"இல்லை" என்றார். "எங்கட பிள்ளையின்ர ஒண்டும் இதுக்குள்ள இல்லை."

"வடிவாப் பாத்தனீங்களே, அக்கா?" என்று அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார்.

"பாத்தனான், தம்பி. இல்லை."

என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பிற்பாடு என் கணவரே அதற்காக என்னோடு சண்டை பிடித்தார். பிடிக்கட்டும். அது அக்காவின் தங்கச்சி. அவர் பார்த்து, அவர் சொல்லவேண்டிய சொல். பொத்தான் தைத்தவளுக்கு அதில் என்ன வேலை? இன்றைக்குக் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

அக்கா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலே போய்ப் படுத்தார். அதற்குப் பிறகு கொலின்டேலுக்குப் போகவேயில்லை. லீவு நாட்களில் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிளேன் வந்தால் ஜன்னலடிக்குப் போகமாட்டார். கதவடியில் மறிப்பதும் நின்றுபோயிற்று. என் கணவர் ஷிப்டுக்கு ஓடுகிறவர், கதவடியில் தன்பாட்டில் நின்று, ஒருதரம் திரும்பி, மேல்மாடிப் படியைப் பார்த்துவிட்டுப் போவார். வெறுத்துவிட்டது போலிருக்கு, விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

கார்த்திகை வந்தது. இறந்த ஆத்துமாக்களுக்கென்று கத்தோலிக்கருக்கு ஒரு திருநாள் உண்டு. கோயில் நிறையச் சனம், மெழுகுதிரி, வெளியே மழைத் தூறல். சாமியார் வழக்கம்போல முதலில் உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டுகளை வாசித்தார். "பயணத்தில் இருக்கும் தங்கைக்காக." எப்போதும் வருவதுதான். பிறகு இறந்தவர்கள். மரி. ஜோசபின். லூயிஸ். இந்தமுறை அதோடு நிற்கவில்லை. பெயர் தெரியாதவர்களையும் அக்கா சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சிவப்புச் சால்வை போர்த்த பெண். சாம்பல் பாவாடை உடுத்த பெண். ஒட்டுப்போட்ட காலுறை அணிந்த பெண். அந்த மேசையில் மிஞ்சியவை ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம், அவ்வளவுக்குக் கேட்டிருக்கிறேன். ஆகவே கடைசியாக ஒன்றை வாசித்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீலக் கம்பளிச் சட்டை போட்ட பெண்."

பிரான்சு மேசையில் நீலக் கம்பளிச் சட்டை இருக்கவில்லை.

பக்கத்தில் அக்கா முழங்காலில் இருந்தார். எல்லோரோடும் சேர்ந்து, நித்திய இளைப்பாற்றி அருளும்படி சத்தமாகவே சொன்னார். சைவக்காரியான நானும் சொன்னேன்.

பூசை முடிந்து வாசலுக்கு வர, மன்னார் அன்ரி குடையோடு பிடித்துக்கொண்டார். இந்தப் பிரான்சுக் கதையில் அவருக்கும் இப்போது ருசி பிடித்திருந்தது. "அந்த நீலச் சட்டைக்காரி புதுசோ பிள்ளை? முந்திக் கேட்ட ஞாபகமில்லை. அவளையும் ஒருத்தரும் வந்து பாக்கேல்லையே?"

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வந்தவையாம், அன்ரி" என்றார். "தமக்கைக்காரி வந்து, கிட்ட நிண்டு பாத்தவவாம். பாத்துப்போட்டு, இல்லையெண்டு சொல்லிப்போட்டாவாம்."

"ஐயோ! ஏனாம்?"

"பாவம், அவவுக்கு ஏலாமப் போயிருக்கும்."

அன்ரி உச்சுக்கொட்டிக்கொண்டு போனார். மழை கொஞ்சம் பலத்தது. நான் அழுதுகொண்டு பஸ்ஸடிக்கு நடக்கத் தொடங்க, அக்கா என் கையைப் பிடித்து மறித்தார். "நில்லும், பாப்பம்" என்றார். கனகாலத்துக்குப் பிறகு கழுத்திலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த என் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்து, குனிந்து, கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டார்.